வீடு திருத்தும்போது மர ஹொட் டப்: வயரை இப்ப போடுங்கோ, தொட்டி பிறகு வரட்டும்



“எப்படியும் வீட்டை உடைக்கிறம்தானே, ஒண்டோட ஒண்டா அதையும் போட்டுவிடுவம்.”

கனடாவில் வீடு திருத்தின எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இந்த வசனம் ஒருக்காவது வந்திருக்கும். குசினியில் தொடங்கும். பேஸ்மெண்டுக்கு இறங்கும். பொட் லைட் வரும். பிறகு கதவைத் திறந்துகொண்டு பின்வளவுக்குப் போகும். ஹீலொக் பற்றிப் போட்ட காணொளிக்குப் பிறகு ஏஜக்ஸில் இருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வியும் அப்படித்தான் பின்வளவில் போய் நின்றது.

அவருடைய நிலைமை இது. 2021இல் 1.9 வீத வட்டிக்கு எடுத்த ஐந்து வருட மோட்கேஜ் இப்ப புதுப்பிக்கும் நேரம். அதோடு சேர்த்து 85,000 டொலர் கூடக் கடன் எடுத்து குசினி, பேஸ்மெண்ட் இரண்டையும் திருத்தப் போகிறார். இரண்டு பிள்ளைகள், கூட அம்மாவும் இருக்கிறா. கொன்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, பின்வளவில் ஒரு சீடர் மரத் தொட்டி, அதாவது வட்டமாகப் பீப்பாய் மாதிரி இருக்கிற ஹொட் டப், வைத்தால் வடிவாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் சேர்த்து 17,500 டொலர் அளவில். “மாதம் 97 டொலர்தான் அண்ணை கூடும். அம்மாவுக்கும் முழங்கால் நோ, வெந்நீரில இருந்தா சுகமாயிருக்கும். வீட்டு விலையும் ஏறும்தானே. போடலாமா?”

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டிக்கு வேண்டிய வயரையும் கொங்கிரீட் தளத்தையும் இப்பவே போடுங்கோ. தொட்டியை இப்ப வாங்காதீங்கோ. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, கையில் இருக்கிற காசில் வாங்குங்கோ. அம்மாவின் பெயரில் மட்டும் அதை வாங்கவே வேண்டாம். ஏன் என்றுதான் இனி எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்று. எனக்கு மரத் தொட்டியில் பகை ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் நீலமும் பச்சையுமாக லைட் எரிகிற தொட்டிகளைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் வளருகிற சிவப்புச் சீடர் மரத்தில் இயற்கையாகவே சில சத்துகள் இருக்கு, அதால் ஈரத்தில் கிடந்தாலும் இலேசில் உக்காது. நீளப் பலகைகளை வட்டமாக நிறுத்தி, வெளியே இரும்பு வளையம் போட்டு இறுக்குவார்கள். பசை, ஆணி ஒன்றும் பெரிதாக இல்லை. தண்ணீர் விட்டதும் மரம் ஊதி, பலகைக்கும் பலகைக்கும் இடையில் இருக்கிற நீக்கலைத் தானே அடைத்துக்கொள்ளும். முதல் சில நாள் ஒழுகும், பயப்படத் தேவையில்லை. சாராயப் பீப்பாய் செய்கிற அதே வித்தைதான். கலிபோர்னியாவில் 1960களில் பழைய வைன் பீப்பாய்களைக் கொண்டுவந்து வெந்நீர் நிரப்பி உள்ளே இறங்கி இருந்தவர்களிடமிருந்துதான் இந்த வடிவம் வட அமெரிக்காவில் பரவினது. ஜப்பானில் ஹினோக்கி மரத்தில் குளியல் தொட்டி செய்கிற வழக்கம் அதற்கும் எவ்வளவோ பழையது. பின்லாந்துக்காரர் விறகடுப்பு வைத்தே சூடாக்குவார்கள்.

மைனஸ் 10இல் வேலை முடித்து வந்து, தலையில் ஸ்நோ விழ விழ, கழுத்து வரைக்கும் வெந்நீரில் இருப்பது சுகம்தான். ட்ரக் ஓட்டுகிறவர்கள், வேர்ஹவுஸில் பத்து மணித்தியாலம் நிற்கிறவர்கள், நர்ஸிங் ஹோமில் இரவு வேலை செய்கிற பெண்கள், இவர்களுடைய உடம்பு நோகிறது உண்மையான நோ. அந்த நோவுக்கு ஒரு தொட்டி வெந்நீர் வேணும் என்று கேட்பது ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். என் பிரச்சினை அந்த 97 டொலரோடுதான்.

97 டொலர் எங்கிருந்து வந்தது? கொன்ராக்டரின் கணக்கை நேயர் அனுப்பவில்லை, ஆகவே ஒரு உதாரணத்துக்கு இப்படி வைப்போம். ஐந்து அடி அகலம், நாலு அடி உயரமான தொட்டி, பம்ப், மின் ஹீட்டர், மூடி எல்லாம் சேர்த்து 10,000. கொங்கிரீட் தளம் 1,800. எலக்ட்ரீஷியன் 2,200. கொண்டுவந்து பூட்டுகிற கூலி, ஏறுகிற படி 1,500. கூட்டினால் 15,500. அதற்கு 13 வீதம் எச்எஸ்டி 2,015. மொத்தம் 17,515. இதை 4.5 வீத வட்டியில் 25 வருட மோட்கேஜுக்குள் போட்டால் மாதம் 97 டொலர். பொய் இல்லை. ஆனால் 97ஐ 300 மாதத்தால் பெருக்கிப் பாருங்கோ. 29,000 டொலர் வருகிறது. நல்லாகப் பராமரித்த சீடர் தொட்டி 15, மிஞ்சிப்போனால் 20 வருடம் நிற்கும். அதாவது பலகையைக் கழற்றி எறிந்த பிறகும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதில் வட்டி வீதம் 25 வருடமும் மாறாது என்ற பெரிய மனதான அனுமானமும் இருக்கு.

“மோட்கேஜுக்குள் வேண்டாம், ஹீலொக்கில் எடுக்கிறன்” என்றால் இன்னும் மோசம். ஹீலொக்கில் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்பதுதான் அதன் இனிப்பு. 5 வீதம் என்று வைத்தால் மாதம் 73 டொலர். பத்து வருடம் கட்டினால் 8,750 டொலர் போயிருக்கும், கடன் அதே 17,515இல் அசையாமல் நிற்கும். வட்டி ஏறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சரித்திரம் தேவையில்லை. 2022 மார்ச்சில் இருந்து 2023 ஜூலைக்குள் கனடா மத்திய வங்கி தன் வட்டியை 0.25இல் இருந்து 5 வீதத்துக்கு ஏற்றினது. வங்கிகளின் பிரைம் 2.45இல் இருந்து 7.20 ஆனது. பிரைமுக்கு மேல் அரை வீதம் என்று ஹீலொக் வைத்திருந்தவருக்கு இந்தத் தொட்டிக் கடனின் வட்டி மாதம் 43 டொலரில் இருந்து 112 டொலருக்குப் போயிருக்கும். அப்ப எத்தனை பேர் எனக்கு எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். வருமானம் தராத செலவுக்கு எடுத்த கடன் என்பதால் இந்த வட்டியை வரியில் கழிக்கவும் ஏலாது.

நேயருடைய மோட்கேஜையே எடுத்துப் பார்ப்போம். 2021இல் 500,000 டொலர், 1.9 வீதம், 25 வருடம் என்றால் மாதம் 2,093 கட்டியிருப்பார். ஐந்து வருடத்தில் மிச்சம் 418,000 அளவில். அதை மீதமிருக்கிற 20 வருடத்தில் 4.5 வீதத்துக்குக் கட்டி முடிக்க மாதம் 2,635 வேணும். ஒரு ஆணியும் அடிக்க முதலே மாதம் 540 டொலர் கூடிவிட்டது. அதற்கு மேல் 85,000 டொலர் சேர்த்து, தவணை பயங்கரமாகத் தெரியாமல் இருக்கத் திரும்பவும் 25 வருடத்துக்கு நீட்டுகிறார்கள். இப்படி நீட்டும்போதுதான் எதைச் சேர்த்தாலும் “மாதம் நூறு டொலருக்குள்” என்று வரும். தொட்டி 97. நல்ல ரக கவுண்டர்டொப் 40. பொட் லைட் 15. தனித்தனியாக ஒன்றும் வலிக்காது.

இனி “வீட்டு விலை ஏறும்தானே” என்ற கதை.

பெரிதாக ஏறாது. குசினிக்கும் வோஷ்ரூமுக்கும் வாங்குகிறவர் விலை கொடுப்பார், ஏனென்றால் அது எல்லாருக்கும் வேணும். ஹொட் டப் அப்படி இல்லை. வாங்க வருகிற மூன்று குடும்பத்தில் ஒன்றுக்கு அது கனவாக இருக்கும், மற்றதுக்கு “இதை ஆர் பராமரிக்கிறது” என்ற தலையிடி, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது பயம். அதோடு நிலத்தின் மேல் சும்மா வைத்திருக்கிற தொட்டி வீட்டின் பகுதியா, தளபாடமா என்பதிலேயே சண்டை வரும். ஒன்ராறியோவில் வீடு வாங்கி விற்கிற ஒப்பந்தப் பத்திரத்தில் வீட்டோடு சேரும் பொருட்களைத் தனியாக எழுதுகிறதற்கு இடம் விட்டிருப்பது இதுக்காகத்தான். விற்கிற நாளில் அந்தத் தொட்டிக்கு 12 வயது, பலகை கறுத்து, மூடி தண்ணீர் குடித்துப் பாரமாகி இருக்கும். எடுத்துக்கொண்டு போ என்று வாங்குகிறவர் கேட்டால் அதுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேணும். ஆகவே விலை ஏறும் என்ற பேச்சை விடுங்கோ. இது முதலீடு இல்லை, செலவு. செலவு செய்கிறது பாவமில்லை, செலவு என்று தெரிந்து செய்ய வேணும்.

கரண்ட் பில்லுக்கு வருவோம், இதைப் பற்றித்தான் ஒருவரும் வடிவாகச் சொல்லுகிறதில்லை.

ஐந்து அடித் தொட்டியில் ஏறக்குறைய 1,500 லீட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லீட்டரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேணும், இது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். 10 டிகிரியில் குழாயால் வருகிற தண்ணீரை 40க்குக் கொண்டுபோக 52 யூனிட் பிடிக்கும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் வேலை செய்கிற 1.5 கிலோவாட் ஹீட்டர் என்றால் ஒன்றரை நாள். அதுக்குத்தான் 240 வோல்ட் வயர் தனியாக இழுக்கச் சொல்லுகிறார்கள், 5.5 கிலோவாட் ஹீட்டர் பத்து மணித்தியாலத்தில் முடித்துவிடும்.

ஆனால் முதல் தரம் சூடாக்குவது சின்னச் செலவு. சூட்டைப் பிடித்து வைப்பதுதான் மாதச் செலவு. சீடர் மரம் மற்ற மரங்களோடு பார்த்தால் நல்ல வெப்பத் தடுப்பு, ஆனாலும் ஒன்றரை அங்குலப் பலகை ஒன்றரை அங்குலப் பலகைதான். வெளியே மைனஸ் 5, உள்ளே 40 என்றால், தொட்டியின் பக்கங்களாலும் அடியாலும் மூடியாலும் போகிற வெப்பம் என் கணக்கில் 700 வாட் அளவில் வரும். ஒரு நாளைக்கு 16, 17 யூனிட். மாதம் 500. யூனிட்டுக்கு 15 சதம் என்று பிடித்தால் ஜனவரி மாதம் 75 டொலர். காற்று அடிக்கிற இடம் என்றால் இன்னும் கூட. வருடம் முழுக்கச் சூடாக வைத்திருந்தால் 4,400 யூனிட், 660 டொலர். சுற்றிவர தடித்த ஃபோம் அடித்த அக்ரிலிக் தொட்டி இதில் பாதிக்கும் குறைவாகக் குடிக்கலாம். மரம் வடிவு, ஆனால் அந்த வடிவுக்கு மாதாமாதம் ஹைட்ரோவுக்குக் கட்ட வேணும்.

இரவு 11 மணிக்குப் பிறகு மலிவான கரண்ட் திட்டத்துக்கு மாறினால் சரிதானே என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். 2023இல் இருந்து அந்தத் திட்டம் இருக்கு, உண்மைதான். இரவு 11இல் இருந்து காலை 7 வரை சூடாக்கலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கில் இந்தத் தொட்டி இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு டிகிரி இறங்கும். காலை 7 மணிக்கு 40இல் இருந்த தண்ணீர், நீங்கள் இரவு 9 மணிக்குக் கால் வைக்கும்போது 34, 35இல் இருக்கும். அது வெந்நீர் இல்லை. அதே திட்டத்தில் கிழமை நாட்களில் பின்னேரம் 4 மணியில் இருந்து 9 வரைதான் விலை உச்சம். வேலையால் வந்து குளிக்கிற மனிசருக்கு அந்தத் திட்டம் அவ்வளவு பொருந்தாது. காலை 6 மணிக்கு இறங்குகிற ஆள் என்றால் நல்லாகப் பொருந்தும்.

இப்ப ஒரு தரம் இறங்கிக் குளிக்க என்ன செலவு என்று பார்ப்போம். 17,515ஐ 15 வருடத்தால் பிரித்தால் வருடம் 1,170. கரண்ட் 660. குளோரின் அல்லது புரோமின், ஃபில்டர், சில வருடத்துக்கு ஒருக்கா புது மூடி, இதுக்கெல்லாம் ஒரு 450 ஒதுக்குவோம். வருடம் 2,280 டொலர். கிழமைக்கு மூன்று நாள் என்றால் ஒரு தரத்துக்கு 15 டொலர் கூட இல்லை. நாலு பேர் இறங்கினால் ஆளுக்கு நாலு டொலர், டிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பியும் பேகலும் வாங்கினால் அதைவிடக் கூட வரும். அருமையான பேரம். ஆனால் முதல் குளிர்காலம் ஆசைக்கு இறங்கி, பிறகு பிள்ளைகளின் நீச்சல், சங்கீதம், டியூஷன் என்று ஓடி, வருடத்தில் 30 நாள்தான் இறங்கினீர்கள் என்றால் ஒரு தரத்துக்கு 76 டொலர். பேஸ்மெண்டில் உடுப்புக் காயப்போட்டிருக்கிற ட்ரெட்மில்லை ஒருக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று சொல்லுங்கோ.

இதுக்குத்தான் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுகிறேன். அந்த ஒரு வருடம் தொட்டியைச் சுற்றி வருகிற வேலைகளைச் செய்து வைக்கலாம். திருத்த வேலை நடக்கும்போது சுவர் திறந்திருக்கும், எலக்ட்ரீஷியன் வீட்டில் நிற்பார், பின்வளவை எப்படியும் கிண்டுவார்கள். அப்பவே பிரேக்கர் பனலில் இருந்து பின்வளவு வரை குழாய் புதைத்து விட்டால் சில நூறு டொலரோடு முடியும். எல்லாம் பூசி, புல்லு விதைத்த பிறகு அதே வேலைக்குத் திரும்பவும் உடைக்க வேணும். ஆக, “ஒண்டோட ஒண்டா” என்ற வசனம் இந்த இடத்தில் மட்டும் சரி. குழாய்க்கும் கொங்கிரீட்டுக்கும் அது பொருந்தும், சாமானுக்குப் பொருந்தாது.

வயர் போட முதல் ஒரு சங்கதி. 1990களில் கட்டின கன வீடுகளில் பனல் 100 அம்ப்தான். ஹொட் டப் தனியாக 40, 50 அம்ப் பிரேக்கர் கேட்கும். நாளைக்கு மின்சாரக் கார் வாங்கினால் அதன் சார்ஜரும் அவ்வளவு கேட்கும், ஹீட் பம்ப் போட்டால் அதுவும். மூன்றும் ஒரு பனலில் நிற்குமா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் லோட் கணக்குப் போட்டு வாங்குங்கோ. 200 அம்ப் ஆக்க வேணும் என்று வந்தால், அந்தக் காசைக் கார் சார்ஜருக்காகச் செலவழிக்கிறது வேறு, வருடத்துக்கு 30 நாள் குளிக்கச் செலவழிக்கிறது வேறு. ஒன்ராறியோவில் இந்த வயர் வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு, அதாவது ஈஎஸ்ஏக்கு, அறிவித்துப் பரிசோதனை நடக்க வேணும். “அண்ணை, பெர்மிட் இல்லாமச் செய்தா ஐந்நூறு குறைவு” என்று ஆரும் சொன்னால் வாசலைக் காட்டுங்கோ. தண்ணீரும் 240 வோல்ட்டும் சேருகிற இடம் இது. நாளைக்கு ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கொம்பனி கேட்கிற முதல் காகிதமும் அதுதான்.

டெக்குக்கு மேல் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். 1,500 லீட்டர் தண்ணீர் 1,500 கிலோ. மரமும் நாலு ஆட்களும் சேர்த்தால் இரண்டு தொன். ஐந்து அடி வட்டத்துக்குள் அது சதுர மீற்றருக்கு 1,100 கிலோ. சாதாரண டெக் சதுர அடிக்கு 40 இறாத்தல், அதாவது சதுர மீற்றருக்கு 195 கிலோ தாங்கத்தான் கட்டுகிறது. ஐந்து மடங்குக்கு மேல். நிலத்தில் தளம் போடுங்கோ, கதையே வேண்டாம். நகரசபையில் வேலி, பூட்டுப் போடுகிற மூடி பற்றி என்ன சட்டம் என்று ஒருக்கா விசாரியுங்கோ, ஒவ்வொரு நகரத்துக்கும் வித்தியாசம். விறகடுப்புத் தொட்டி ஆசை இருந்தால் தீயணைப்புப் பிரிவையும் கேளுங்கோ. ரொறன்ரோ நகருக்குள் பின்வளவில் விறகு எரிக்கவே தடை இருக்கு.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கடிதத்தில் மனதில் பட்டது அந்த இடம்தான்.

நாலு அடி உயரப் பீப்பாய்க்குள் எப்படி இறங்குவது? வெளியே மூன்று நாலு படி ஏறி, விளிம்பில் காலைத் தூக்கிப் போட்டு, உள்ளே இருக்கிற வாங்கில் மிதித்து, ஈரத்தில் இறங்க வேணும். திரும்பி வரும்போது அதே வழி, இந்த முறை வெந்நீரில் இருந்து தலை இலேசாகச் சுற்ற, படியில் ஐஸ் பிடித்திருக்க. முழங்கால் நோகிற 70 வயதுப் பெண்ணுக்கு இதைத்தான் வாங்கிக் கொடுக்கிறோமா? பிரஷர் குளிசை போடுகிறவர்களும் சீனி வருத்தக்காரரும் 40 டிகிரித் தண்ணீரில் இருக்க முதல் குடும்ப வைத்தியரைக் கேட்க வேணும் என்பது வேறு. ஜக்குஸி என்ற பெயரே ஒரு குடும்பப் பெயர். இத்தாலியில் இருந்து வந்து கலிபோர்னியாவில் பம்ப் செய்துகொண்டிருந்த அந்தச் சகோதரர்களில் ஒருவருடைய மகனுக்கு மூட்டுவாதம். 1956இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தது, வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கிற ஒரு பம்ப். நோயாளி இருக்கிற இடத்துக்குத் தண்ணீர் வந்தது. நாங்கள் நோயாளியை ஸ்நோவுக்குள் கூட்டிக்கொண்டு போகிறோம்.

அம்மாவுக்கு உண்மையிலேயே ஏதும் செய்ய வேணும் என்றால், எப்படியும் உடைக்கிற இந்த நேரத்தில் கீழ்த்தட்டில் ஒரு வோஷ்ரூமைப் பெரிதாக்கி, படி இல்லாமல் நடந்து உள்ளே போகிற ஷவர், இருக்க ஒரு வாங்கு, பிடிக்கக் கைபிடி, சறுக்காத தரை போடுங்கோ. நல்ல அழுத்தத்தில் வெந்நீர் முழங்காலில் விழட்டும். ஒவ்வொரு நாளும் பாவிப்பா. அதுக்கு வரிச் சலுகையும் இருக்கு. 65 வயதுக்கு மேற்பட்டவர் பாதுகாப்பாக நடமாட வீட்டைத் திருத்தினால், வருடத்துக்கு 20,000 டொலர் வரையான செலவுக்கு மத்திய அரசின் வீட்டு அணுகல் வரிக்கழிவு கேட்கலாம். 2026இல் அது 14 வீதம். 17,500 டொலரை ஷவருக்குப் போட்டால் 2,450 டொலர் வரியில் குறையலாம், நிபந்தனைகளை உங்கள் கணக்காளரிடம் சரிபாருங்கோ. ஹொட் டப்பை வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மருத்துவச் செலவில் காட்டலாம் என்று ஒரு கதை எங்கள் ஆட்களிடம் உலாவுது. வருமானவரித் திணைக்களம் அதை வழக்கமாக ஏற்காது, வைத்தியர் எழுதினாலும்.

காசு சேர்க்கிற வழி. முதலில் பிள்ளைகளின் ஆர்இஎஸ்பி. பிள்ளைக்கு வருடம் 2,500 போட்டால் அரசாங்கம் 500 டொலர் போடும், இரண்டு பிள்ளைக்கு 1,000. அந்த இலவசக் காசை விட்டுவிட்டுத் தொட்டி வாங்குகிறவரோடு எனக்குக் கதை இல்லை. அது கட்டின பிறகு, மாதம் 700 டொலர் டிஎஃப்எஸ்ஏயில் தனியாகப் போட்டு வாருங்கோ. 25 மாதத்தில் 17,500. மாதம் 700 ஒதுக்க ஏலாமல் இருந்தால், புதுப்பித்த மோட்கேஜ் உங்களை எவ்வளவு இறுக்குது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒதுக்க முடிந்தும், இரண்டு குளிர்காலம் கழித்தும் அந்த ஆசை அப்படியே இருந்தால், சந்தோசமாகப் போய் வாங்குங்கோ. தளம் தயார், வயர் தயார்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டொரு விடயம். முடிச்சு இல்லாத பலகையா, வளையம் துருப்பிடிக்காத உருக்கா என்று கேளுங்கோ, முடிச்சு இருக்கிற இடத்தால்தான் ஒழுகும். ஒரு பலகை பழுதானால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம் என்பது மரத்தின் பெரிய நன்மை, அதைச் செய்து தருகிற ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கோ. கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போகும்போது தண்ணீரை இறைத்துவிட்டுப் போனால் மரம் காய்ந்து சுருங்கி, வந்து நிரப்பும்போது எல்லா நீக்கலாலும் ஓடும். ஆரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு, தண்ணீரோடு விட்டுப் போக வேணும். குளிர்காலத்தில் கரண்ட் போனால் தொட்டித் தண்ணீர் இரண்டு மூன்று நாள் தாங்கும், வெளியே இருக்கிற குழாயும் பம்பும்தான் முதலில் உறையும். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று ஸ்காபரோக்காரருக்கு நினைவிருக்கும். எண்ணெய் தேய்த்து முழுகுகிற இடமும் இது இல்லை. நல்லெண்ணெய்த் தலையோடு ஒரு சனிக்கிழமை நாலு பேர் இறங்கினால் ஃபில்டர் அன்றோடு சரி. சோப் போட்டுக் கழுவிவிட்டு இறங்குகிற ஜப்பான்காரரின் வழக்கத்தைப் பிடியுங்கோ.

நேயருக்கு இதையேதான் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். குழாய் புதைக்கிற வேலையையும், கீழ்த்தட்டு வோஷ்ரூமையும் சேர்த்து கொன்ராக்டரிடம் புது விலை கேட்டிருக்கிறார். மனிசிக்குத்தான் கொஞ்சம் மனவருத்தமாம், அந்தத் தொட்டியின் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தவவாம். படம் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

உங்கள் ஆராவது வீட்டில் மரத் தொட்டி ஏற்கெனவே இருந்தால், போன ஜனவரி கரண்ட் பில்லை எடுத்து, தொட்டி வாங்க முதல் வந்த ஜனவரி பில்லோடு வைத்து, எத்தனை யூனிட் கூடினது என்று காணொளிக்குக் கீழே எழுதுங்கோ. தொட்டியின் அகலத்தையும் சொல்லுங்கோ. என் 500 யூனிட் கணக்கு எங்கே நிற்குது என்று அடுத்த காணொளியில் பார்ப்பம்.